தப்பு என்று எழுதிய பெட்டி

பதுளைக் கடைத்தெருவில் பரமலிங்கத்தின் கடைக்கு வரும் ரேடியோக்களில் பாதிக்கு ஒரு நோயும் இருக்காது. பற்றரி இறங்கியிருக்கும். இல்லாவிட்டால் கூரைமேல் கட்டிய ஏரியல் கம்பி மலைக்காற்றில் அறுந்து தொங்கும். ஹாலிஎலயிலிருந்து வந்த ஒரு பெட்டிக்குள் பல்லியொன்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. வால்வுகளின் இளஞ்சூடு அதற்குப் பிடித்துப்போயிற்று. அப்படிப்பட்ட பெட்டியைக்கூடப் பரமலிங்கம் முழுதாகக் கழற்றி, எது எதற்கு என்று சொந்தக்காரருக்குக் காட்டி, மறுபடி பூட்டித்தான் கொடுப்பான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மனுஷர் கெஞ்சினாலும் விடமாட்டான்.

1961ஆம் ஆண்டு தை மாதம், கொழும்பிலிருந்து ரயிலில் அவனுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே சதுரமான அட்டைப்பெட்டி. அதற்குள் ஒலிநாடாச் சுருள் ஒன்று. கூடவே நண்பன் ஸ்ரீஸ்கந்தராஜாவின் கடிதம். மலைநாட்டுப் பாடல் கழகம் என்று ஒரு சங்கம் தோட்டங்களிலும் கிராமங்களிலும் பாடல்களைப் பதிந்து வானொலிக்குக் கொடுத்து வந்தது. பரமலிங்கம் ஒரு காலத்தில் அதன் ஒலிப்பதிவாளன். ஸ்ரீஸ்கந்தராஜா இன்னமும் அங்கேதான் நாடாக்களுக்குக் காவல்.

"அன்புள்ள பரமு, பழுதான நாடாக்களை அழித்துத் திரும்பப் பாவிக்கச் சொல்லி உத்தரவு. அந்த அடுக்கிலே உன்னுடைய கையெழுத்தில் ஒரு பெட்டி கிடந்தது. மேலே 'தப்பு' என்று நீயே எழுதியிருக்கிறாய். பிழையென்று தெரிந்த சாமானை ஏன் ஏழு வருஷம் அடைகாத்தோமோ தெரியாது. அழிக்கமுதல் ஒருதரம் கேட்டுப்பார். நல்லதென்றால் மாசி இரண்டாம் ஞாயிறு கிராமியப் பாடல் நிகழ்ச்சியில் இடம் இருக்கிறது. ஆனால் பாடியவர் இன்னார் என்று அவரோ, அவர் வீட்டாரோ ஒப்பமிட வேண்டும். பெயர் தெரியாத குரலை வானொலிக்காரர் எடுக்கமாட்டினம். மாசி ஐந்தாம் திகதிக்குள் அனுப்பு."

பரமலிங்கம் பெட்டியைத் திருப்பினான். கொட்டை எழுத்தில் 'தப்பு' என்று இருந்தது. அதன் கீழே சின்னதாக ஊரும் திகதியும் எழுதி, ஈரம் பட்டு மை கரைந்து போயிருந்தது. அடுத்த கணம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அது பிழை என்ற தப்பு அல்ல. தோளில் மாட்டி அடிக்கிற தப்பு!

1954ஆம் ஆண்டு மாசியில், கழகத்தின் வான் வண்டியில் அவன் பசறை வழியாக மடுல்சீமைப் பக்கம் ஏறிப்போனான். அந்நாளைய ஒலிப்பதிவு மெஷின் இரண்டு பேர் தூக்கும் பாரம். அதற்கு மின்சாரமும் வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் மின்சாரத்துக்கு எங்கே போவது? வெள்ளைப்பாறைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மட்டும் ஓடைத் தண்ணீரில் சுழலும் டைனமோ ஒன்று இருந்தது. ஆகவே தொழிற்சாலைச் சுவரோரம் மெஷினை இறக்கி, பாட்டுக்காரர்களை அங்கே வரச் சொன்னார்கள். வந்தவர்களில் முதல் ஆளாக நின்றவன் ரெங்கசாமி. காய்ந்த இலைகளைக் கொளுத்தி, வட்டமான தோல்கருவி ஒன்றைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தான்.

"இதென்ன, பறையோ?" என்று கேட்டான் பரமலிங்கம்.

"நாங்க தப்புன்னுதாங்க சொல்லுவோம். நல்லதுக்கும் தப்பு, கெட்டதுக்கும் தப்பு. தப்பில்லாம எங்களுக்கு எதுவும் நடக்காது."

யாழ்ப்பாணத்துப் பிள்ளையான பரமலிங்கத்துக்கு அந்தச் சொல் கற்கண்டாக இனித்தது. தோல் ஈரத்தை உறிஞ்சினால் தொய்யும், சூடு பட்டால் இறுகும், இறுகினால்தான் சத்தம் கணீரென்று எழும் என்று ரெங்கசாமி சொல்லச் சொல்ல இவன் குறிப்பெடுத்தான். பாட்டு முடிந்ததும் நாடாவைச் சுற்றி அங்கேயே போட்டுக் காட்டினான். "ஐயோ, இது நான் இல்லீங்க" என்று ரெங்கசாமி வெட்கப்பட்டான். சுற்றி நின்றவர்கள் "ஒன் தொண்டையேதான்யா" என்று கத்தினார்கள். தன் குரலை மெஷினில் கேட்கும் எவனுக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும். நாம் பேசும்போது குரல் காற்றின் வழியாக மட்டுமல்ல, நம் எலும்பின் வழியாகவும் நம் காதுக்குப் போகிறது. மெஷினுக்கு எலும்பு ஏது?

"வாற ஞாயிறோ அதுக்கு அடுத்த ஞாயிறோ ரேடியோவில கேட்கலாம்" என்று சொல்லிவிட்டு, புதிதாகக் கற்ற சொல்லின் பெருமையில், பெட்டியின்மேல் பெரிதாகத் 'தப்பு' என்று எழுதினான். அந்தப் பெட்டி கொழும்பு போய்ச் சேர்ந்தது. அங்கே அதைப் பிரித்த கைக்குத் தப்பென்றால் பிழை. பிழையான நாடா எந்த அடுக்குக்குப் போகுமோ அந்த அடுக்குக்குப் போயிற்று.

இரண்டு மாதத்தில் பரமலிங்கம் கழகத்தை விட்டு, பதுளையில் கடை போட்டுவிட்டான். விசாரித்து எழுதியபோது "ரெங்கசாமி என்ற பெயரில் நாடா ஏதும் இல்லை" என்று பதில் வந்தது. உண்மைதான். பெட்டியின் மேல் ரெங்கசாமியின் பெயரே இல்லையே. மடுல்சீமையிலிருந்து வருகிறவர்கள் வாயிலிருந்து மீதிக் கதையைக் கேட்டான். ஞாயிறு தோறும் ரெங்கசாமி குளித்து, வேட்டி மாற்றி, பஜார்த் தேநீர்க் கடையின் ரேடியோ முன்னால் போய் உட்காருவானாம். "என்னா மாமா, இன்னைக்காச்சும் வருவீங்களா?" என்று பொடிசுகள் கேட்குமாம். 'ரேடியோ ரெங்கசாமி' என்று பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டதாம். 1957இல் நெஞ்சுவலியில் இறக்கும்வரை அந்தப் பெயர் போகவில்லை. பரமலிங்கம் இழவுக்குப் போகவில்லை. போய் எந்த முகத்தைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றுவிட்டான்.

இப்போது அந்த மனிதன் பாடியது இதோ மேசைமேல் கிடக்கிறது.

முதலில் நாடாவுக்கு வைத்தியம். ஒலிநாடா என்பது பெரிய மாயமல்ல. மெல்லிய பட்டையின்மேல் இரும்புத் துருப்பொடியைப் பசைபோட்டுப் பூசியது. ஒலியை மெஷின் காந்தத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றி அந்தத் துருவில் எழுதி வைக்கிறது. துரு உதிர்ந்தால் பாட்டும் உதிரும். ஈரத்தில் கிடந்த இந்தச் சுருளின் ஓரங்களில் பூஞ்சணம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பஞ்சால் ஒவ்வொரு முழமாகத் துடைக்க மூன்று நாள் ஆயிற்று. ஓரிடத்தில் நாடா அறுந்திருந்தது. அதை நேராக வெட்டி ஒட்டினால் ஒட்டு வரும் இடத்தில் 'டக்' என்று கேட்கும். சாய்த்து வெட்டினால் இந்தப் பக்கத்து ஒலி மெல்ல விலக, அந்தப் பக்கத்து ஒலி மெல்ல நுழையும், காது கண்டுபிடிக்காது. பரமலிங்கம் சாய்த்து வெட்டினான். கத்தரிக்கோலில் காந்தம் ஏறியிருந்தால் வெட்டிய இடம் இரையும் என்பதால் பித்தளைத் தகட்டைத் தீட்டி அதனால் வெட்டினான்.

பிறகு, கழகம் கழித்துவிட்டபோது அவன் வாங்கித் திருத்தி வைத்திருந்த அதே பழைய மெஷினில் நாடாவைப் போட்டான். முதலில் அவனுடைய அறிவிப்பு. அடுத்துத் தப்பு. அடுத்து ரெங்கசாமி. குரல் கொஞ்சம் மெலிந்து கேட்பதுபோல் பட்டது. நாடா நொந்துபோனதால் இருக்கும் என்று நினைத்தான். ஏழு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு நாள் கேட்ட குரலை வைத்து எதை ஒப்பிடுவது? வீட்டார் காது சொல்லட்டும் என்று மடுல்சீமை பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினான்.

மறுநாளே இராக்கம்மா வந்துவிட்டாள். ரெங்கசாமியின் மனைவி. கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களால் முந்தானையை இறுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"நீங்கதான் அந்த ரேடியோக்கார ஐயாவா?"

"ஓம் அக்கா. உள்ளுக்கு வந்து இருங்கோ."

"இருக்க வரல. வீட்டுக்காரரு பாட்டு கெடச்சிருக்குன்னு கண்டக்டர் சொன்னான். எங்கிட்ட மட்டுமா சொன்னான், பஸ்ஸுல ஏறுன அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிட்டான். இன்னொரு வாட்டி ஊரு சிரிக்கிற மாதிரி ஆக்கிராதீங்க."

பரமலிங்கம் நாடாவை ஓடவிட்டான். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். நாலு வரி போவதற்குள் நிமிர்ந்துவிட்டாள்.

"யாரோ பொம்பளப் புள்ள பாடுது."

"இல்லை அக்கா, அவர்தான். நானேதான் பதிஞ்சனான்."

"பதினெட்டு வருசம் ஒரே கூரைக்குக் கீழ இருந்தவ சொல்றேன். அவரு தொண்டையத் தெறந்தா மேல் லயத்து நாயி எந்திரிச்சு வரும். இது குருவிங்க. குருவி கத்துது."

அவன் ஒப்பமிடும் தாளை எடுத்து, ஐந்தாம் திகதிக் கணக்கைச் சொன்னான். கைநாட்டு இல்லாவிட்டால் நாடாவை அழித்துவிடுவார்கள் என்பதையும் சொன்னான். இராக்கம்மா தாளைத் தொடவில்லை.

"தெரியாத கொரலுக்கு நான் கைநாட்டு வைக்க மாட்டேன். வச்சேன்னா இந்தக் குருவிதான் ரெங்கசாமின்னு ஊரு ஒலகம் நம்பிரும். அதுக்கு அவரு ரேடியோவுல வராமலே கெடக்கட்டும்."

வாசல்படி இறங்கியவள் திரும்பினாள். "ஆமா, பாட்டுக்கு முன்னால பேசுதே அந்தச் சின்னப் பையன் யாரு?"

"அது... நான்தான்."

இராக்கம்மா அவனை மீசையிலிருந்து பாதம்வரை பார்த்தாள். "அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்தேழு."

"இருபத்தேழு வயசுல இப்புடியா பேசுனீங்க? பொண்ணு யாருங்க குடுத்தா?"

அவள் போய்விட்டாள். பரமலிங்கம் தாளை மேசைமேல் வைத்தான். அறிவிப்பில் தன் குரல் மெலிந்து கேட்டதை, தன் குரல் எவனுக்கும் அந்நியமாகத்தான் கேட்கும் என்று அவன் பொருட்படுத்தாமல் விட்டிருந்தான். ஆனால் இராக்கம்மாவுக்கு அவன் குரல் சொந்தக் குரல் அல்லவே! அவள் காதுக்கும் சின்னப் பையன் என்றால், ரெங்கசாமியின் குரல் மட்டுமா மெலிந்திருக்கிறது? இரண்டு பேர் தொண்டையும் ஒரே நாளில் ஒரே அளவு மெலியுமா? மெலியாது. அப்படியானால் மெலிந்தது தொண்டை அல்ல. நாடா ஓடும் வேகம் பிசகியிருக்கிறது.

அதிலிருந்து நூல் பிடித்தாற்போல் எல்லாம் வந்தது. மின்சாரம் கம்பியில் செக்கனுக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. நாடாவை இழுக்கும் மோட்டார் அந்த ஆட்டத்தோடு கால் சேர்த்துத்தான் ஓடும். பதுளை நகர மின்சாரம் ஐம்பதுக்குச் சரியாக ஆடும். ஆனால் வெள்ளைப்பாறையில்? மாசி மாதம், ஓடையில் தண்ணீர் குறைவு. போதாததற்குத் தொழிற்சாலையில் அன்று கொழுந்து அரைக்கும் உருளைகள் ஓடிக்கொண்டிருந்தன. பாரம் தாங்காமல் டைனமோ தளர்ந்திருக்கும். ஆட்டம் நாற்பதுக்கு இறங்கியிருக்கலாம். மோட்டாரும் அதோடு சேர்ந்து மெல்ல நடந்திருக்கிறது. மெல்ல நடந்த நாடாவில் எழுதிய பாட்டை இப்போது வேகமாக வாசித்தால் குரல் மேலே ஏறிக் குருவியாகத்தானே போகும்?

பிறகு ஏன் அன்று அங்கேயே போட்டுக் கேட்டபோது ஒன்றும் தெரியவில்லை? ஒரு துணிக்கடைக்காரன் தேய்ந்துபோன முழக்கோலால் துணியை அளக்கிறான் என்று வையுங்கள். அதே கோலால் திரும்ப அளந்து பார்த்தால் கணக்குச் சரியாகத்தான் வரும். அடுத்த கடைக் கோலை வைக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அன்று தளர்ந்த மின்சாரத்தில் எழுதி, அதே தளர்ந்த மின்சாரத்தில் வாசித்தான். நொண்டியும் நொண்டியும் கைகோத்து நடந்ததால் இரண்டு பேரும் நொண்டி என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

சரி, வேகத்தைக் குறைத்தால் போதும். எவ்வளவு குறைப்பது? அங்கேதான் இடித்தது. அதிகம் குறைத்தால் ரெங்கசாமி பேயாகிவிடுவான். பரமலிங்கம் நாடாவை மறுபடி மறுபடி ஓட்டினான். மூன்றாம் முறை, பாட்டு முடிந்து தப்பு ஓயும் இடத்தில், தூரத்தில் 'டிங், டிங், டிங்' என்று மூன்று அடி கேட்டது. கொழுந்து நிறுக்க ஆட்களைக் கூப்பிடுகிற அடி. தோட்டங்களில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஆள் சேர்க்கவும், மாலையில் நிறுவைக்கும் தண்டவாளத் துண்டொன்றைக் கட்டித் தொங்கவிட்டு இரும்பால் அடிப்பார்கள். பதிவைக் கெடுத்துவிட்டான் என்று அன்று அந்தக் கணக்கப்பிள்ளையை மனதுக்குள் திட்டியது பரமலிங்கத்துக்கு நினைவு வந்தது. இப்போது அந்தக் கணக்கப்பிள்ளை எங்கிருந்தாலும் வாழ்க என்றான். மனிதன் குரல் வயதோடு மாறும். தப்பின் தோல் சூட்டுக்கு மாறும். இரும்புத் துண்டு ஏழு வருஷத்தில் சுருதி மாறாது!

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, வாடகை வான் வண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டு வெள்ளைப்பாறைக்குப் போனான். ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் கெஞ்சி வாங்கிய இன்னொரு சின்ன மெஷினும் மடியில் இருந்தது. கிராமபோன்போலக் கைவிசை கொடுத்தால் ஓடும் மெஷின். மின்சாரம் எப்படி ஆடினாலும் அதற்குக் கவலையில்லை. பழையது சரியான வேகத்தில் பாட, புதியது அதைக் கேட்டுப் புதிய நாடாவில் எழுதிக்கொள்ளும். இதுதான் திட்டம்.

தொழிற்சாலை மெஷின்களுக்குப் பொறுப்பாளி ஜௌபர். விடுமுறை நாளிலும் எண்ணெய்க் கையோடு நின்றிருந்தார். பரமலிங்கம் விஷயத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"பத்து வருஷமா இந்த டைனமோவுக்குத் தண்ணியக் கூட்டத்தான் நான் படாத பாடு படுறேன். போன வருஷம்தான் புது வாய்க்கால் வெட்டி ஆளா நிமித்தி வெச்சிருக்கேன். இத நொண்டியாக்கச் சொல்லி வந்த மொத ஆள் நீங்க."

"ஏலுமோ?"

"ஏலாதா? தண்ணிக் கதவு என்ட கையிலதானே இருக்கு. அரைச் சுத்துச் சுத்தினா மாட்டு வண்டி, ஒரு சுத்துச் சுத்தினா ஆமை. எது வேணும் சொல்லுங்க."

"தண்டவாளத் துண்டு அதேதானோ?"

"அதேதான். அந்தப் பாரத்த யார் களவெடுக்கப் போறான்?"

பரமலிங்கம் லயத்துக்கு நடந்தான். இராக்கம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் கோடரியை நிறுத்தவில்லை.

"மறுபடியும் குருவியா?"

"பாட்டுக் கேட்கக் கூப்பிடயில்லை அக்கா. தண்டவாளத்தை அடிக்கக் கைபலமான ஒரு ஆள் வேணும்."

இராக்கம்மா கோடரியைக் கட்டையில் குத்தி நிறுத்தினாள். "அடிக்கிறதுன்னா வாரேன். ஆனா எதையும் கேக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

லயத்தில் பாதி அவள் பின்னாலேயே வந்தது.

தண்டவாளத் துண்டு தொழிற்சாலை வாசலிலேயே தொங்கியது. வாசலுக்கு உள்ளே ஒலிபெருக்கி. அதற்கும் அப்பால், சுவருக்கு மறுபக்கம், தண்ணீர்க் கதவின் சக்கரத்தில் ஜௌபர். நாடாவில் 'டிங்' வருகிற நேரத்துக்கு இராக்கம்மாவும் அடிக்க வேண்டும். முதல்முறை இரண்டும் எட்டப் போய் நின்றன. நாடாவின் இரும்பு கீச்சென்றது, வாசலின் இரும்பு கம்பீரமாகக் கிடந்து அதிர்ந்தது.

"குறையுங்கோ!" என்று கத்தினான் பரமலிங்கம்.

சக்கரம் கால் சுற்றுத் திரும்பியது. விளக்குகள் கொஞ்சம் மங்கின. நாடாவைப் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினான். இன்னும் கால் சுற்று. இன்னும் கொஞ்சம். ஆறாம் முறை ஒரு புதுச் சத்தம் எழுந்தது. இரண்டு இரும்பும் சேர்ந்து 'வுவ்வ் வுவ்வ் வுவ்வ்' என்று அலையடித்தன.

"என்னங்க அது, இரும்பு அழுவுது?" என்றாள் இராக்கம்மா.

பரமலிங்கத்தின் முகம் விளக்கேற்றியதுபோல் ஆயிற்று. "அழயில்லை அக்கா, கிட்ட வந்திட்டுது எண்டு சொல்லுது! ரெண்டு சுருதி நல்லாத் தள்ளியிருந்தால் தனித்தனியாக் கேட்கும். நெருங்க நெருங்க ஒண்டு முன்னுக்கு, ஒண்டு பின்னுக்கு எண்டு முட்டுப்படும். அந்த முட்டுத்தான் இந்த அலை. இன்னும் நெருங்கினால் அலை நீளும். ஒண்டானால் அலை நிண்டுபோம். பாருங்கோ, நீங்கள் ரெண்டு பேர் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கேக்க—"

"ஐயா, நான் அடிக்கவா, கத கேக்கவா?"

அடித்தாள். ஏழாம் முறை அலை நீண்டது. எட்டாம் முறை ஆழமான மூச்சுப்போல ஒரே ஒருதரம் எழுந்து இறங்கியது. "மயிரிழை, ஜௌபர்!" ஒன்பதாம் முறை அலை இல்லை. நாடாவில் எது, வாசலில் எது என்று பிரிக்க முடியாமல் ஒரே இரும்பு ஒலித்தது.

"சக்கரத்தில கை வையாதேங்கோ! மூச்சும் விடாதேங்கோ!"

"மூச்சு விடுவேன். கை வைக்க மாட்டேன்" என்று சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

பரமலிங்கம் நாடாவை முதலுக்குச் சுற்றினான். ஒலிபெருக்கியிலிருந்து கம்பி இழுத்துச் சின்ன மெஷினுக்குக் கொடுப்பதுதான் முறை. ஆனால் அந்த மெஷினில் அதற்குத் துவாரமில்லை. ஒலிவாங்கியை ஒலிபெருக்கி முன் வைத்துத்தான் பதிய வேண்டும். ஒருவர் இருமினாலும் அதில் விழும் என்று எல்லோரையும் எச்சரித்தான். விசையை முறுக்கினான். இரண்டும் ஓடத் தொடங்கின.

"வெள்ளைப்பாறைத் தோட்டம். தப்பும் பாட்டும்." கனத்த ஆண்குரல்.

"அட, மீச மொளச்சிருச்சு" என்றாள் இராக்கம்மா. கூட்டம் கொல்லென்று சிரித்தது. பரமலிங்கம் உதட்டில் விரலை வைத்தான்.

தப்பு விழுந்தது. தகரம்போல் இருந்த சத்தம் இப்போது நெஞ்சுக்குள் குத்தியது. அடுத்து அந்தக் குரல் வந்தது, அடிவயிற்றிலிருந்து, கொஞ்சம் கரகரத்து, அவசரமே இல்லாமல்.

"மஞ்சமலை ஓரத்துல மழை வருது தூரத்துல
கூடையில கொழுந்திருக்கு, கம்பளிய எங்க புள்ள?"

இராக்கம்மா தண்டவாளத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்கப் பரமலிங்கத்துக்குத் துணிவில்லை. சுழலும் நாடாவையே பார்த்தான். பாட்டு நின்றது. தப்பு மட்டும் ஓடியது. இரண்டு வரிகள் பாடும் நேரத்துக்கு வெறும் அடி. பிறகு குரல் மறுபடி, "நக்கலில்ல தங்கமே, நான் நடந்து வந்த தூரமின்னு..." என்று எடுத்தது. அந்த இடத்தில் ரெங்கசாமிக்கு வரி மறந்துவிட்டது என்றே அவன் இதுவரை எண்ணியிருந்தான். யாரும் நக்கல் என்று சொல்லாதபோது இந்த மனிதன் ஏன் நக்கலில்லை என்கிறான்?

"இந்தா பாருங்க இந்த மனுசன!" என்று இராக்கம்மா வெடித்தாள். "அந்த எடத்த இப்புடியா அம்போன்னு விட்டுட்டு நிப்பாரு? நான் வரலன்னா வேற யாரையாச்சும் பாடச் சொல்ல வேண்டியதுதான? தொண்டைக்கா பஞ்சம் இந்த லயத்துல?"

பரமலிங்கம் இரண்டு மெஷினையும் நிறுத்தினான். "எந்த எடம் அக்கா?"

"அது எம் பாட்டுங்க. அவரு கேப்பாரு, நான் பதில் சொல்லணும். கல்யாணம் கட்டுனதுலேருந்து அப்புடித்தான். நீங்க வந்தப்ப எங்க மக பாக்கியம் பொறந்து ஒம்பது நாளு. தீட்டோட எங்கிட்டு வர? குச்சுக்குள்ள கெடந்தேன். நீ போயி பாடிட்டு வாய்யான்னு அனுப்பிவிட்டேன்." அவள் ஒலிபெருக்கியைப் பார்த்தாள்; கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் முதலில், பிறகு வேறு மாதிரி. "எனக்கு எடம் விட்டுட்டு அடிச்சிக்கிட்டு நின்னுருக்காரு. ஊருக்கு முன்னால. லூசு மனுசன்."

முந்தானையால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்தாள்.

"எங்கங்க அந்தத் தாளு?"

பரமலிங்கம் தாளையும் மைப்பெட்டியையும் நீட்டினான். அவள் பெருவிரலை அழுத்தி வைத்தாள். பக்கத்தில் நின்றவள், "ஏன்டி, இப்பக் கொரல் தெரிஞ்சிருச்சா?" என்றாள்.

"கொரலு கெடக்குது. இந்த ஒலகத்துல வேற எவன் அந்த எடத்த சும்மா விடுவான்?"

சுவருக்கு அப்பாலிருந்து ஜௌபர் கூப்பிட்டார். "என்னங்க, முடிஞ்சா? கதவத் தெறக்கவா?"

"வேண்டாம்!" பரமலிங்கம் நாடாவை மறுபடி முதலுக்குச் சுற்றினான். "அப்பிடியே பிடியுங்கோ. இன்னொருதரம் முதல்லயிருந்து."

அவன் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியிலிருந்து ஒரு முழம் இழுத்து, நடுவே வைத்தான். அந்தப் பக்கம் ஒலிபெருக்கி. இந்தப் பக்கம் இராக்கம்மாவை நிறுத்தினான். எங்கே நிற்க வேண்டும், ஏன் வாயை நேரே வைக்காமல் சற்றுச் சாய்க்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கி, அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

"நீங்க சுத்துங்க ஐயா. எனக்கு எங்க எடுக்கணும்னு தெரியும்."

சுருள்கள் சுழன்றன. தப்பு விழுந்தது. ரெங்கசாமி மழையைச் சொன்னான், கொழுந்தைச் சொன்னான், கம்பளி எங்கே என்று கேட்டு நிறுத்தினான். அடி மட்டும் ஓடியது. இராக்கம்மா கண்ணை மூடவில்லை. ஒலிபெருக்கியை நேராகப் பார்த்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு எடுத்தாள்.

"கம்பளிய தந்துவிட்டேன் குளிருறவன் பாவமின்னு
நனைஞ்சு நிக்கும் என்னப் பார்த்து நக்கலென்ன ஒனக்கு மச்சான்?"

அவள் முடித்த அதே அடியில், ஒரு மயிரிழைகூடப் பிந்தாமல், "நக்கலில்ல தங்கமே" என்று அவன் பதில் சொன்னான்.